பூஞ்சைக்கு ஒரு கூடு

தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயர் அம்மரத்தால் வந்தது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனால் இன்று அம்மரத்தைக் காண விரும்புவோர் ஊருக்குள் தேடிப் பயனில்லை. கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரத்துக்குச் செல்ல வேண்டும். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் விரிந்துள்ள அலையாத்திக் காடு அது. 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் அக்காடு இடம்பெற்றது. கண்டலும் சுரபுன்னையும் வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்க, அவற்றோடு தில்லையும் அங்கே நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு விளைவிக்கும். ஆகவே படகில் செல்வோர் அதன் கிளையை ஒடிக்கலாகாது.

அந்தக் காட்டில் ஓர் இலை உதிர்கிறது என்று கொள்வோம். உப்பு நீரில் ஊறிச் சேற்றில் புதைகிறது. சில வாரங்களில் அது இலையாக இருப்பதில்லை. கருத்துக் குழைந்து, நண்டும் இறாலும் உண்ணத்தக்க இரையாகிவிடுகிறது. இந்த மாற்றத்தைச் செய்வோரில் பூஞ்சைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பூஞ்சைக்கு வாயில்லை; வயிறுமில்லை. நூல்போன்ற இழைகளே அதன் உடல். அவ்விழைகளின் வழியே அது நொதிகளை வெளியே கசியவிடுகிறது. இலையிலுள்ள மாவுப்பொருளை அமைலேசு என்னும் நொதியும், நார்ப்பொருளை செல்லுலேசும், புரதத்தைப் புரோட்டியேசும் சிறு மூலக்கூறுகளாக வெட்டுகின்றன. வெட்டப்பட்டுக் கரைந்ததைப் பூஞ்சை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் உண்டபின் செரிக்கிறோம்; பூஞ்சை செரித்தபின் உண்கிறது.

இந்த வேறுபாடு மனிதனுக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. நொதியைச் செல்லுக்குள்ளேயே வைத்திருக்கும் உயிரிடமிருந்து அதனைப் பெறச் செல்லை உடைக்க வேண்டும். பூஞ்சையோ தானே வெளியில் விடுகிறது. நீரை வடித்தால் போதும், நொதி கிடைத்துவிடும். சப்பானிய வேதியியலாளர் சோக்கிச்சி தக்காமினே 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற செரிமான நொதிக்கலவை அப்படித்தான் பிறந்தது. கோதுமைத் தவிட்டில் அசுபெர்சில்லசு பூஞ்சையை வளர்த்து, அதிலிருந்து அவர் அமைலேசைப் பிரித்தார்.

வெள்ளாற்றங்கரையில்

வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் உயிரியல் உயராய்வு மையம் அங்கேதான் அமைந்துள்ளது. 1929-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு, வகுப்பறைகளை விட்டு அலையருகே வந்து அமர்ந்தது போன்றது அம்மையம். அலையாத்திக் காடுகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர் கா. கதிரேசன், மணிவண்ணன் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து, 2006-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். கடலோர அலையாத்திச் செடிகளின் வேர்மண்ணிலிருந்து பெனிசிலியம் பெல்லுட்டானம் என்னும் பூஞ்சையைப் பிரித்தெடுத்து, அது எச்சூழலில் மிகுதியான ஆல்பா அமைலேசைத் தருகிறது என்று அவர்கள் சோதித்தனர். அமிலத்தன்மை, வெப்பநிலை, காலம், உப்பு, கரிமமூலம், நைட்ரசன்மூலம் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த பொறுமையான வேலை அது.

முடிவில் கிடைத்த விடை இது: 30 பாகை செல்சியசு, 6.5 அமிலகாரக் குறியீடு, உணவாக மால்டோசும் பெப்டோனும், காலம் 96 மணி நேரம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு, அதுவே வியப்பளிப்பது. கடல்நீர் சேர்க்காத ஊடகத்தில்தான் அப்பூஞ்சை மிகுந்த நொதியைத் தந்தது. உப்புச் சேற்றில் பிறந்து வளர்ந்த உயிர், உப்பில்லாத குடுவையில் கூடுதலாக உழைத்தது! ஓர் உயிர் எங்கே பிழைத்துக் கிடக்கிறது என்பதும், எங்கே வளமாக ஈனும் என்பதும் ஒன்றல்ல. இதனை ஊகித்து அறிய இயலாது; செய்து பார்த்தே அறிய முடியும்.

அமைலேசுக்குக் கடலூர் மாவட்டத்திலேயே வேலை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு முதல் சர்க்கரை உற்பத்திக்குப் பெயர்பெற்ற நெல்லிக்குப்பத்தை எண்ணிப் பாருங்கள். கரும்புச் சாற்றோடு சிறிதளவு மாவுப்பொருளும் வந்துவிடும். அது சாற்றைப் பிசுபிசுப்பாக்கிப் படிகமாவதைத் தடுக்கும். அதனைச் சிதைக்க ஆலைகளில் அமைலேசு சேர்ப்பது உண்டு. நெசவிலும் அப்படியே. பாவு நூல் அறாமலிருக்கக் கஞ்சி போடுவார்கள்; துணிக்குச் சாயமேற்றுமுன் அக்கஞ்சியை நீக்க வேண்டும். அமிலத்தாலும் நீக்கலாம், ஆனால் அமிலம் கஞ்சியோடு பருத்தியையும் அரிக்கும். அமைலேசு மாவுப்பொருளை மட்டும் வெட்டும். பருத்தி இழையைத் தொடாது.

உப்பனாற்றின் கரையிலுள்ள கடலூர் சிப்காட் பகுதி மக்கள், வேதித் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். அந்த மாவட்டத்து மாணவருக்கு, கடுமையான வேதிப்பொருள் செய்யும் வேலையை மென்மையான நொதியால் செய்ய முடியுமா என்னும் வினா வெறும் பாடநூல் வினா அன்று. ஆனால் அவ்வினாவுக்குக் குறுக்கே ஒரு தடை நிற்கிறது. நொதியின் விலையே அது.

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து

96 மணி நேரம் என்பது நான்கு நாள். அந்த நான்கு நாளும் பூஞ்சை நொதியை மட்டுமே செய்துகொண்டிருப்பதில்லை. குடுவையில் தூவப்பட்ட வித்துகள் முதலில் நீரை உறிஞ்சிப் பருக்க வேண்டும், முளைக்க வேண்டும், இழை விட்டு உடலைக் கட்டிக்கொள்ள வேண்டும். நாம் ஊட்டிய சர்க்கரையில் ஒரு பகுதி இவ்வுடலைக் கட்டவே செலவாகிறது. உடல் வளர்ந்து, நொதி பெருகி, அறுவடைக்கு வந்ததும் நாம் செய்வது என்ன? வடிகட்டுகிறோம். நொதி கலந்த நீரை எடுத்துக்கொண்டு, அரும்பாடுபட்டு வளர்ந்த பூஞ்சை உடலைக் கழித்துவிடுகிறோம். மறுமுறை புதிய வித்து, புதிய முளை, புதிய உடல். நெல்லை அறுக்கும்போது பயிர் போவது இயல்பு. மாங்கனி பறிப்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் மரத்தையே வெட்டுவார் உண்டோ?

இடரொன்றும் உண்டு. தனித்து மிதக்கும் பூஞ்சை இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நீரைக் கூழாக்கிவிடும். கூழில் காற்று எளிதில் கரையாது; கலக்கும் கருவி மிகுதியாகச் சுழல வேண்டும். மிகுதியாகச் சுழன்றால் இழைகள் அறுபடும்.

பூஞ்சை உடலை ஓரிடத்தில் பற்றி நிற்கச் செய்து, நீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன? இவ்வெண்ணத்தின் விதை நம் பனங்காட்டில் முன்பே இருக்கிறது. கள் இறக்கிய மண்கலயத்தின் நுண்துளைகளில் ஈசுட்டு முதலான நுண்ணுயிர்கள் தங்கிவிடும். அதே கலயத்தில் மறுநாள் சொட்டும் சாறு விரைவில் புளிக்கத் தொடங்கும். பதநீர் வேண்டுவோர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது, அந்நுண்ணுயிர்களை அடக்குவதற்கே. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செருமனியில் மரச்சீவல்களின் மீது புளிகாடிப் பாக்டீரியாக்களைப் படியவிட்டு, மேலிருந்து சாராயக் கரைசலைச் சொட்டவிட்டுக் காடி தயாரித்தார்கள். சீவல் அங்கேயே இருக்கும். பாக்டீரியாவும் அங்கேயே இருக்கும். கரைசல் மட்டும் வந்து போகும்.

இதனை அறிவியல் முறையாக வளர்த்துத் தொழிலாக்கியவர்களில் முன்னோடி, சப்பானின் தனபே செய்யாக்கு நிறுவனத்தைச் சேர்ந்த இச்சிரோ சிபாட்டா. 1969-இல் அவர் குழு, தாங்கியொன்றில் பிணைத்த நொதியைக் கொண்டு அமினோ அமிலங்களை ஆலை அளவில் தயாரித்தது. 1973-இல் நொதியைப் பிரித்தெடுக்கும் வேலையையும் விடுத்து, பாக்டீரியாச் செல்களையே கூழ்மத்துக்குள் அடைத்து அசுபார்ட்டிக் அமிலம் தயாரித்தது.

இம்முறையைச் சிலர் 'முடக்கம்' என்று தமிழில் எழுதுகின்றனர். அச்சொல் எனக்கு உடன்பாடன்று. கைகால் முடங்கியவர் வேலை செய்ய இயலாதவர் என்னும் பொருளை அது தந்துவிடுகிறது. இங்கே செல் முடங்குவதில்லை, இருக்குமிடம்தான் நிலைபெறுகிறது, வேலை தொடர்கிறது. ஆகவே 'நிலைநிறுத்துதல்' என்னும் சொல்லையே இப்பாடத்தில் ஆள்கிறோம்.

எதை நிறுத்துவது, எதை விடுவது

பூஞ்சையை நிலைநிறுத்துவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சிபாட்டாவின் கூழ்மத்துக்குள் செல் இருந்தது. நொதியும் செல்லுக்குள்ளேயே இருந்தது. வந்து போனவை சிறிய மூலக்கூறுகள் மட்டுமே. நமக்கு வேண்டியதோ நொதி. அது சிறிய மூலக்கூறு அன்று. ஏறத்தாழ 50,000 மூலக்கூறு எடை கொண்ட புரதம். செல்லை உள்ளே நிறுத்த வேண்டும். நொதியை வெளியே விட வேண்டும். நெருக்கமாகக் கட்டினால் நொதியும் உள்ளே சிக்கிக்கொள்ளும். தளர்வாகக் கட்டினால் செல்லும் வெளியேறிவிடும்.

நல்வாய்ப்பாக, இரண்டுக்கும் பருமனில் பெரிய வேறுபாடு உள்ளது. ஒரு பூஞ்சை இழையின் அகலம் 2 முதல் 10 மைக்ரோமீட்டர். அமைலேசு மூலக்கூறின் அகலமோ சில நானோமீட்டர்தான். இழையைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சிறியது. மீன் பிடிக்கும் வலையைப் போலத் துளையின் அளவைத் தேர்ந்தால் சிக்கல் தீர வேண்டும். ஆனால் வலை அறுந்தால்? வலையை உயிரே அறுத்தால்?

மிகுதியாகப் பயன்படுவது ஆல்சினேட்டு என்னும் கூழ்மம். கடலில் வளரும் பழுப்புப் பாசிகளிலிருந்து அது கிடைக்கிறது. மன்னார் வளைகுடாவில் சர்காசம், டர்பினேரியா என்னும் பாசிகளை இதற்காகவே சேகரிப்பர். சோடியம் ஆல்சினேட்டுக் கரைசலில் பூஞ்சை வித்துகளைக் கலந்து, கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் முத்துப்போல் உறைந்து மணியாகிவிடும். கால்சியம் அயனிகள் ஆல்சினேட்டின் நீண்ட சங்கிலிகளைக் கொக்கி போட்டுப் பிணைப்பதே காரணம். உயிருக்குத் தீங்கு செய்யாத மிக மென்மையான முறை இது.

மென்மையே அதன் குறையுமாகிறது. பூஞ்சையின் உணவூடகத்தில் பாசுபேட்டு இருக்கும். சில பூஞ்சைகள் தாமே சிட்ரிக் அமிலத்தையும் கசியவிடும். இரண்டும் கால்சியத்தைக் கவர்ந்துகொள்பவை. கொக்கி கழன்றால் மணி ஊதிப்போய்க் குழையும். உள்ளே வளரும் இழைகளும் அதனை அழுத்திப் பிளக்கும்.

சரி, உறுதியான பொருளையே எடுத்துக்கொள்வோம். மணலின் மூலப்பொருளான சிலிக்காவைக் கூழ்மநிலையிலிருந்து திண்மமாக உறையவைக்கும் முறை ஒன்று உண்டு. இத்தாலிய வேதியியலாளர் சோவன்னி கார்ட்டுரானும் அவர் குழுவினரும் 1989-இல் ஈசுட்டுச் செல்களை மெல்லிய சிலிக்காப் படலத்துக்குள் அடைத்து, அவற்றின் நொதி அங்கும் செயற்படுவதைக் காட்டினர். கண்ணாடிக்குள் உயிர்ச்செல்! ஆனால் சிலிக்காவிலும் இடர் இருந்தது. அது தயாராகும் வேதிவினையில் சாராயம் விளைபொருளாக வெளியேறும். செல்லுக்கு அது நஞ்சு. உறைந்தபின் சிலிக்கா சுருங்கும், வெடிக்கும்; இழை வளர இடம் தராது. உறுதி இருந்தது, நெகிழ்வு இல்லை.

ஆல்சினேட்டின் நெகிழ்வும் சிலிக்காவின் உறுதியும் ஒரே பொருளில் சேர்ந்தால் இரண்டின் குறையும் தணியும் என்பதே கலப்புப் பொருள் என்னும் கருத்து. உயிர்வழிப் பொருளொன்றும் கனிமப் பொருளொன்றும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி அமையும் பொருள் அது. நம் வீட்டுச் சுவருக்குக் களிமண்ணோடு வைக்கோலைக் குழைத்தார்களே, அதே கணக்குத்தான்; களிமண் மட்டும் காய்ந்தால் வெடிக்கும், வைக்கோல் மட்டும் நிற்காது. பல்கேரிய நாட்டு ஆய்வாளர்கள் உமிகோலா லூட்டியா என்னும் பூஞ்சையைக் கொண்டு அமிலப் புரோட்டியேசு தயாரிக்க, ஆல்சினேட்டு முதலான கூழ்மங்களில் தொடங்கிப் பல தாங்கிகளைச் சோதித்து, சிலிக்கா கலந்த கலப்புப் பொருள்களுக்கு வந்து சேர்ந்தனர். ஒரே பூஞ்சையை வைத்துக்கொண்டு கூட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்த அவர்களின் வரிசை, ஆராய்ச்சி எப்படி நகர்கிறது என்பதற்கு நல்ல காட்டு.

கலப்புக்கு வேண்டிய பொருள்கள் நம் பக்கத்திலேயே குவிந்து கிடக்கின்றன. நெல் உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சிதம்பரத்தைச் சூழ்ந்த வயல்களில் உமிக்குப் பஞ்சமில்லை. பரங்கிப்பேட்டையிலும் கடலூர்த் துறைமுகத்திலும் இறால் உரிக்கும்போது ஓடு மிஞ்சும். அதிலிருந்து கைட்டோசான் என்னும் பொருளை எடுக்கலாம். ஆல்சினேட்டு மணியின்மேல் கைட்டோசான் தோலாகப் படிந்து, அது எளிதில் குழையாதபடி காக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கொல்லைப் பந்தலில் முற்றிக் காய்ந்து தொங்கும் நுரைப்பீர்க்கின் கூட்டைச் சொல்ல வேண்டும். உடம்பு தேய்க்கப் பயன்படும் அந்த நார்க்கூட்டைப் பாகித்தான் ஆய்வாளர்களான இக்பாலும் சாபரும் 1990-களின் தொடக்கத்தில் செல் தாங்கியாகக் கையாண்டனர். பூஞ்சை அதற்குள் தானாகவே படர்ந்து பற்றிக்கொள்ளும், அடைக்க வேண்டியதில்லை. காற்றும் நீரும் தடையின்றிப் புகும்.

காற்றின் கணக்கு

காற்று என்றதும் மீண்டும் மணிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பூஞ்சை மூச்சுவிடும் உயிர். நீரில் கரைந்த ஆக்சிசன் மணியின் மேற்பரப்பு வழியாகவே உள்ளே செல்ல வேண்டும். வழியிலுள்ள செல்கள் அதனை எடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே செல் செறிந்த மணியில், மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழத்துக்குள்ளேயே ஆக்சிசன் தீர்ந்துபோகிறது. நான்கு மில்லிமீட்டர் மணியை அறுத்துப் பார்த்தால், விளிம்பில் அடர்ந்த பூஞ்சையும் நடுவில் ஏறக்குறைய வெறுமையும் காணப்படும். நடுப்பகுதிக்கான ஆல்சினேட்டும் உழைப்பும் வீண். சிறிய மணி செய்தால் இக்குறை நீங்கும். ஆனால் சிறிய மணியை வடித்தெடுப்பது கடினம்.

விளிம்பில் செழித்த இழைகள் துளை வழியே வெளியே தலைநீட்டி, அறுந்து, நீரில் மிதந்து மீண்டும் கூழாக்கும் தொல்லையும் உண்டு. இதற்கு ஆய்வாளர் கையாளும் வழி எளியது: உடல் அமைந்தபின் வரும் சுற்றுகளில் ஊடகத்தின் நைட்ரசனைக் குறைத்துவிடுகின்றனர். உடல் வளர நைட்ரசன் மிகுதியாக வேண்டும். இருக்கும் உடல் வேலை செய்யச் சிறிதளவு போதும். மிகவும் குறைத்தாலோ நொதியும் குன்றும், ஏனெனில் நொதியும் புரதமே. இந்த அளவை ஒவ்வொரு பூஞ்சைக்கும் தனித்தனியே கண்டறிய வேண்டியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்களே, அத்தகைய பொறுமை இங்கும் தேவை.

உண்மை நிலையையும் கூறிவிட வேண்டும். உலகச் சந்தைக்கு வரும் அமைலேசில் பெரும்பகுதி இன்றும் பெரிய கலன்களில் தனித்து மிதக்கும் பாக்டீரியாவிலிருந்தும் பூஞ்சையிலிருந்துமே வருகிறது. தேர்ந்தெடுத்து வளர்த்த அவ்வகைகள் ஒரே சுற்றில் அவ்வளவு மிகுதியாக நொதியைத் தருவதால், உடலைக் கழித்தாலும் ஆலைக்கு இழப்பில்லை. கோடிக்கணக்கான மணிகளைத் தூய்மை கெடாமல் செய்வது செலவுமிக்கது. ஆகவே கலப்புப் பொருளில் பூஞ்சையை நிலைநிறுத்தி நொதி பெறும் முறை பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் நிற்கிறது. ஒரு மாவட்டத்துக்குள், சிறிய அளவில், அடிக்கடி நொதி தேவைப்படும் இடங்களில் அதற்கு எதிர்காலம் இருக்கும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோரும் உளர்.

செய்து பார்க்க

இவற்றைப் படித்து நம்ப வேண்டியதில்லை. பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியரின் துணையோடு, பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஈசுட்டைக் கொண்டே பார்த்துவிடலாம். 100 மில்லிலிட்டர் நீரில் 2 கிராம் சோடியம் ஆல்சினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவிக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் கட்டி தட்டும். முந்தின நாளே கரைத்து வைப்பது நலம். ரொட்டி செய்யும் ஈசுட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அதனோடு கலந்து, ஊசியில்லாத ஊசிக்குழலால், 2 விழுக்காட்டுக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கால் மணி நேரம் கழித்து மணிகளை வடித்து, நீரில் அலசிச் சர்க்கரைக் கரைசலில் இடுங்கள். சற்று நேரத்தில் மணிகளிலிருந்து குமிழ்கள் எழும். சில மணிகள் தாமே மேலே மிதந்து வரும்.

மறுநாள் அதே மணிகளை அலசிப் புதிய சர்க்கரைக் கரைசலில் இடுங்கள். எவ்வளவு நேரத்தில் முதற்குமிழ் எழுந்தது என்பதை இரு நாளும் குறித்துவையுங்கள். மூன்றாம் நாள், பத்து மணிகளை மட்டும் எடுத்துச் சோடியம் சிட்ரேட்டுக் கரைசலில் போட்டுப் பாருங்கள். முதலில் அவை பருக்கும். பிறகு விளிம்பு மங்கும். விரலால் தொட்டால் வழுக்கிச் சிதையும். சிறிது நேரத்தில் மணிகள் இருந்த இடத்தில் கலங்கல் நீர் மட்டுமே இருக்கும்.